இடது ஓர சென்சார்

நவம்பர் 11, செவ்வாய்

ஜெயமணிக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை நேற்று மாலை முடிந்தது. இன்னும் கண் திறக்கவில்லை. ஆதாரம்: கணவர் தங்கராசு, கோவை ஆஸ்பத்திரியிலிருந்து போன், காலை 8.10. டாக்டரிடம் நேராகக் கேட்கவில்லை.

குன்னூரில் விடிந்ததிலிருந்து பனிமூட்டம். எதிர் வீட்டு கேட் தெரியவில்லை. துணி காய்ந்து ஐந்து நாள்.

வேலை: ஜெயமணி பற்றிய தொடர்ச்செய்தி. கையில் இருப்பது இவ்வளவுதான். வயது 49, தேயிலைக் கொழுந்து பறிப்பவர். போன வியாழன், 6ஆம் தேதி, எஸ்டேட்டில் கொழுந்து எடை போடும் ஷெட் எதிரே ரோட்டோரச் சாக்கடையில் கிடந்தார். பின்னாலிருந்து ஏதோ வண்டி இடித்திருக்கிறது. கொழுந்து லாரி அவருக்குச் சில அடி தள்ளி நின்றது. லாரியின் பின்பக்கம் ரத்தம். டிரைவர் பழனியைக் கூட்டிப்போய் ஜாமீனில் விட்டார்கள். எஸ்டேட் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. தினமும் மூன்று மணிக்கு ஸ்டேஷனில் தலைகாட்ட வேண்டும். எல்லாம் எஸ்.ஐ. சொன்னது.

வெள்ளிக்கிழமை நான் கொடுத்த செய்தி நான்கு பத்தி. ‘லாரி பின்னோக்கி வந்தபோது.’ அங்கே ஒரு கார் நின்றதாகப் பழனி சொன்னதையும் எஸ்.ஐ.தான் சொன்னார், சிரித்துக்கொண்டே. "எல்லா லாரி டிரைவரும் ஒரு கார் நின்னுச்சுன்னுதான் சார் சொல்லுவான்." உறுதி செய்யாத தகவல். விட்டுவிட்டேன்.

என் காரில் சென்சார் தொல்லை. மழை தொடங்கியதிலிருந்தே பனியில் ரிவர்ஸ் போட்டால் சும்மா கத்தும். பழகிவிட்டது. இந்த நாலைந்து நாளாக வேறு மாதிரி. பனி இல்லாவிட்டாலும், பின்னால் ஒன்றுமே இல்லாவிட்டாலும், ஒரே நீளமான கத்தல்.

மனைவி கலா: "ஏனுங்க, அந்தச் சனியன எங்கியாச்சும் கொண்டுபோயி வாய மூட வெச்சுட்டு வாங்க. பக்கத்து ஊட்டுல கொழந்த எந்திரிச்சுக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க."

இஸ்மாயில் பாய்க்கு போன். மார்க்கெட் பின்னால் ஒர்க்‌ஷாப், பதினைந்து வருஷமாக என் வண்டிகளைப் பார்ப்பவர். "சென்சார் பம்பருக்குள்ள இருக்குது சார். பம்பர கழட்டித்தான் ஆகணும். நாளைக்கு பத்து மணிக்கு வாங்க. பனி சீசன் வந்தா பாதி குன்னூருக்கு நான்தான் வயர புடுங்கி உடுறேன்."

வாங்க: இருமல் மருந்து, ரீஃபில், கலாவுக்கு வர்க்கி பிஸ்கட்.


நவம்பர் 12, புதன்

தூறல். ஜெ. நிலையில் மாற்றம் இல்லை (தங்கராசு, 7.50).

பம்பர் கழற்றுவதை நின்று பார்த்தேன். டிக்கிக் கதவைத் தூக்கி, மேலே இரண்டு ஸ்க்ரூ. சக்கரத்து வளைவுக்குள் பக்கத்துக்கு ஒன்று. அடியில் பிளாஸ்டிக் கிளிப்புகள், மூன்று உடைந்தன. பிறகு ஓரத்தைப் பிடித்து வெளிப்பக்கமாக ஒரு இழுப்பு. வலப்பக்கம் வந்துவிட்டது. இடப்பக்கம் வரவில்லை.

"எங்கயோ செமத்தியா வாங்கியிருக்கு சார். பாருங்க, பிராக்கெட் ஒடஞ்சிருக்கு. இந்த ஓரத்து சென்சார் உள்ள போயி மல்லாந்து கெடக்கு. அது பம்பரையே பாத்து கத்திட்டிருக்கு, பாவம்."

நான் சொன்னேன்: "மாடு, பாய். போன வாரம் பிக்கட்டி போயிட்டு வரும்போது ஒரு காட்டுமாடு உரசுச்சு."

"அதானே. இந்த ஊர்ல மாடு உரசாத வண்டி எது?"

உடைந்த பிராக்கெட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே கையை விட்டார். எதையோ பிடித்து இழுத்தார். நீலத் தார்ப்பாய்த் துண்டு. ஒன்றரை சாண் நீளம், நான்கு விரல் அகலம். ஒரு முனையில் ஓட்டை, அதில் சிவப்பு நைலான் கயிறு, இரட்டை முடிச்சு. கொழுந்துப் பெண்கள் ஈரத்துக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கு.

பாய் அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். "ஏன் சார், உங்க மாடு படங்கு கட்டியிருந்துச்சா?"

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்தினார்.

"ரோட்ல கெடந்தது மாட்டிக்கிட்டு வந்திருக்கும் சார்," என்று அவரே சொல்லிவிட்டு, பெட்ரோல் நனைத்த துணியால் பம்பரைத் துடைக்கப் போனார்.

"துடைக்காதீங்க."

"ஏன் சார்?"

"அப்படியே இருக்கட்டும்."

துணியைக் கீழே வைத்தார். டிக்கியில் இடப்பக்கச் சுவரின் உறைத்துணிக்குப் பின்னால் சின்னப் பெட்டி, நான்கு வயர். ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ரிவர்ஸ் போட்டுக் காட்டச் சொன்னார். சத்தம் இல்லை.

"இனி கத்தாது சார்."

பிராக்கெட் கோவையிலிருந்து சனிக்கிழமை பஸ்ஸில் வரும். அதுவரை பம்பர் ஒர்க்‌ஷாப் சுவரோரம். துண்டை நான் கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று பாய் கேட்கவில்லை.

வீட்டு கேட்டுக்குள் பின்னால் எடுக்கும்போது மூன்று தடவை இறங்கிப் பார்த்தேன்.

வர்க்கி மறந்துவிட்டது.


நவம்பர் 13, வியாழன்

பனி. ஜெ. விரல் அசைத்தார் என்கிறார் நர்ஸ் (தங்கராசு வழியாக, 8.00).

இந்த நோட்டில் பழைய பக்கம். நவம்பர் 6, என் கையெழுத்து. அப்படியே எழுதி வைக்கிறேன்:

‘பிக்கட்டி. கேரட் அழுகல், மூன்று விவசாயிகளிடம் பேச்சு. திரும்பும் வழி முழுக்கப் பனி, மழை. எஸ்டேட் குறுக்கு ரோட்டில் எதிரே கொழுந்து லாரி. ஷெட் பக்கத்து அகலமான இடம் வரை ரிவர்ஸ், வலப்பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி. சென்சார் வழக்கம்போல். இடது பின்பக்கம் ஒரு இடி, மெத்தென்று. மாடு. இறங்கவில்லை. லாரி தாண்டியதும் கிளம்பினேன். மணி 4.40. கலாவிடம் சொல்லவில்லை, பயப்படுவாள்.’

மாடு என்று ஏன் முடிவு செய்தேன்? அந்த ஷெட் பக்கம் ஒரு மாதமாக ஒற்றைக் காட்டுமாடு திரிகிறது. காட்டுமாடு இடித்தால் இறங்கக் கூடாது, ஹாரன் கூடாது, மெதுவாக நகர்ந்துவிட வேண்டும். இந்த மலையில் கார் ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். நானே வருஷத்துக்கு இரண்டு முறை எழுதுகிறேன், பெட்டிச் செய்தியாக.

வெள்ளிக்கிழமை எஸ்.ஐ. சொன்ன நேரம் மாலை 5.30. ‘ஒரு மணி நேரம் முன்னால் அந்த வழியாகத்தான் வந்தேன்’ என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் நினைக்கவில்லை.

ஸ்டேஷன் ரைட்டருக்கு போன், 10.15. ஐந்தரை என்பது எந்த நேரம்?

"தகவல் வந்த நேரம் சார். சம்பவ நேரம் தனியா போடல."

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முப்பத்தோரு வருஷமாக மற்றவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

மதியம் எஸ்டேட். தங்கராசு மாற்றுத் துணி எடுக்க வந்திருந்தார். சின்ன வயதில் இலங்கையிலிருந்து பெற்றோருடன் வந்தவர். எஸ்டேட் லயத்து வரிசையில் மூன்றாவது வீடு.

"வாங்க சார். தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்ற பிறகும் ஊற்றினார். அன்றைக்கு ஜெயமணி என்ன படங்கு கட்டியிருந்தார் என்று கேட்டேன்.

"நீலம் சார். செவப்பு நைலான் கயிறு. அவளே ஓட்ட போட்டு கோத்துக்கிட்டா. ஆஸ்பத்திரில கழட்டி எங்கையில குடுத்தாங்க. ஒரு மூலைய காணோம்."

கொடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் விரித்தார். கழுவியிருக்கிறார். கிழிந்த இடத்தைக் கண்ணால் அளந்தேன். ஒன்றரை சாண். கவர் என் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை.

"பேப்பர்ல நீங்கதான எழுதுனீங்க, லாரின்னு?"

"எஸ்.ஐ. சொன்னத எழுதினேன்."

"பழனி இல்ல சார். லாரிய ஷெட்டுக்கிட்ட நிறுத்திட்டு எறங்குறான், சாக்கடைக்குள்ள இவ மொனகுற சத்தம். அவன்தான் தூக்குனான். லாரிக்குப் பின்னால ஏத்தப் பாத்திருக்கான், முடியல, கீழ கெடத்திட்டு ஜீப்புக்கு ஓடுனான். அந்த ரத்தத்த பாத்துதான் பொலிசு அவன புடிச்சுச்சு. எறங்காம போயிருந்தா இன்னைக்கு வேலையில இருப்பான்."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். பேனா நின்றதை அவர் கவனித்தாரா, தெரியாது.

"கூட இருந்த பொம்பளைங்க ஏதோ பீப் பீப்புனு கேட்டுச்சுங்கிறாளுக. லாரியோட ரிவர்ஸ் ஹார்னுனு பொலிசு எழுதிக்கிச்சு. அந்த லாரில ஹார்ன் செத்து ஒரு வருசம் ஆச்சு. வேணும்னா பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஷெட் முன்னால் அதே லாரி, வேறு டிரைவர். ரிவர்ஸ் போடச் சொன்னேன். இரண்டு முறை. சத்தம் இல்லை. நேரில் கண்டது, 1.35.

கிளம்பும்போது தங்கராசு கார் வரைக்கும் வந்தார். பின்னால் பார்த்தார்.

"என்ன சார், பம்பர காணோம்?"

"ரிப்பேருக்கு."

"பனியில பாத்து போங்க சார்."


நவம்பர் 14, வெள்ளி

மழை இல்லை. பனி மட்டும். ஜெ. பற்றி போன் வரவில்லை. நானும் போடவில்லை.

எஸ்.ஐ. போன், 11.20. "சார், இஸ்மாயில் பாய்கிட்ட ஜீப் விட்டிருந்தேன். உங்க பம்பர் நிக்குது. மாடாமே?"

‘ம்’ என்றேன். ‘ஆமாம்’ என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போது யோசித்தால், ஒன்றும் இல்லை.

"ஃபாரஸ்ட்காரங்க கேட்டா நான் பேசிக்கறேன், கவலைப்படாதீங்க. நீங்க நம்ம ஆளு. பாய்கிட்ட சீக்கிரம் பெயின்ட் அடிச்சு மாட்டிருன்னு சொல்லிட்டேன். பம்பர் அப்படி வெளிய நிக்கறது பார்க்க நல்லா இல்ல சார்."

"பழனி விஷயம்?"

"திங்கக்கிழமை கோர்ட்ல நிறுத்தறோம். உங்களுக்குத்தான் முதல்ல நியூஸ். அந்தம்மா முழிச்சாலும் ஒண்ணும் மாறாது. முதுகுப்பக்கம் இடிச்சது லாரியா காரான்னு அதுக்கு எப்படி தெரியும்?"

கார் என்ற சொல்லை அவரே சொன்னார். தெரிந்து பேசினாரா, தெரியாமலா? இரண்டு தடவை எழுதி அடித்தேன். உறுதி செய்ய வழியில்லை.

பாய்க்கு போன், 11.35.

"பெயின்ட் அடிச்சிட்டீங்களா?"

"மொதல்ல உப்புத்தாள் போட்டு தேய்க்கணும் சார். நாளைக்கு காலைல. எஸ்.ஐ. சார் அவசரம்னாரே."

"தொடாதீங்க பாய்."

பின்னால் யாரோ தகரம் தட்டும் சத்தம். பிறகு, தணிந்த குரலில்: "சார், அந்தப் படங்குத் துண்ட என்ன பண்ணுனீங்க?"

"எங்கிட்டதான் இருக்கு."

"நான் எதையும் பாக்கல சார். எனக்கு மூணு பொண்ணுங்க."

"பாத்தீங்க பாய்."

வைத்துவிட்டார்.

சாப்பாட்டுக்கு நடுவில் கலாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும், நேர வரிசையில். கவரையும் காட்டினேன். தொடவில்லை. ரசம் ஊற்றினாள்.

"அந்தம்மா முழிக்கட்டுமுங்க. அதுவே சொல்லும்."

"பின்னாடி வந்தது. பார்த்திருக்க மாட்டாங்க."

"அப்பறம் யாருக்குந்தான் தெரியாதுங்களே."

தட்டை எடுத்துக்கொண்டு போனாள். குழாய்ச் சத்தம். குழாயை மூடிவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"அந்த லாரிக்காரருக்குக் குடும்பம் இருக்குதுங்களா?"

"இருக்கு."

"நானா இருந்தாலும் எறங்கியிருக்க மாட்டேனுங்க. எறங்கக் கூடாதுன்னுதான எனக்கு வண்டி பழக்கும்போதே சொன்னீங்க." கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். காய்ந்த பிறகும்.

மாலையில் சொன்னாள்: "போறதுன்னா பகல்லயே போயிருங்க. நானும் வாரனுங்க." வேண்டாம் என்றேன்.

செய்தி எதுவும் அனுப்பவில்லை. ஆபீசுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். இந்த வாரத்தில் இரண்டாவது பொய்.


நவம்பர் 15, சனி

ஜெயமணி கண் விழித்தார், காலை 6.30. தெளிவாகப் பேசுகிறார். ஆதாரம்: தங்கராசு, 7.05, வார்டு நர்ஸ், 7.20. இரண்டும் ஒத்துப்போகின்றன.

தங்கராசு சொன்னது, சொன்னபடியே: "லாரி இல்லங்கிறா சார். பனியில பீப் பீப்புனு கத்திக்கிட்டு ஒரு காரு பின்னால வந்துச்சாம். மாடு வந்திருச்சு, நம்மள சூதானப்படுத்தத்தான் காருக்காரரு சத்தம் போடுறாருன்னு நெனச்சாளாம். காரோட ஓரமா நின்னுட்டா மாடு கிட்ட வராதுன்னு, அது பக்கமா ஒதுங்கினாளாம் சார்."

காரின் பக்கமாக.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன்.

"இத பேப்பர்ல போடுவீங்களா சார்? பழனிக்காக."

போடுகிறேன் என்றேன். எஸ்.ஐ.க்கு தங்கராசு ஏற்கெனவே சொல்லிவிட்டார். வலி மாத்திரையில் உளறுகிறார்கள், திங்கட்கிழமை ஆள் அனுப்பி எழுதி வாங்கிக்கொள்கிறோம், அதுவரை யாரிடமும் பேச வேண்டாம் என்று எஸ்.ஐ. சொன்னாராம்.

10.00, ஒர்க்‌ஷாப். பம்பர் சுவரோரம் அதே இடத்தில். தேய்க்கவில்லை. கேட்கும் முன்பே பாய் பழைய பெட்ஷீட்டில் சுற்றி வைத்திருந்தார். சென்சார் நான்கும் தனிப் பையில், இடது ஓரத்தது மட்டும் பேப்பரில் மடித்து.

"பிராக்கெட் வந்திருச்சு சார்."

"வெச்சிருங்க."

பின் சீட்டை மடக்கி இருவருமாகத் தூக்கி உள்ளே வைத்தோம். ஓட்டுநர் சீட் வரை நீட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார். "என்னையும் கூப்பிடுவாங்களா சார்?"

"கூப்பிடலாம்."

"கூப்பிட்டா வந்து சொல்லிருவேன். நானா வரமாட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

வக்கீலிடம் பேசவா என்று கலா மூன்று முறை போன். பேசிக்கொள் என்றேன். பிரிட்ஜ் மேல் கரன்ட் பில், கடைசி நாள் திங்கள். சொல்லிவிட்டேன்.

2.50, ஸ்டேஷன். எஸ்.ஐ. ஊட்டியில் பந்தோபஸ்து. ரைட்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. "என்ன நியூஸ் சார்?"

"நியூஸ் இல்ல. ஒரு வாக்குமூலம் கொடுக்கணும்."

"யாரோடது?"

"என்னோடது."

பேனாவைக் கீழே வைத்தார். எஸ்.ஐ. வராமல் எதுவும் வாங்க முடியாது என்றார். பொருளையாவது உள்ளே வைக்கலாமா? வைத்துக்கொள்ளுங்கள், பொறுப்பு உங்களுடையது.

காருக்குத் திரும்பினேன். பம்பரைத் தனியாக இழுத்தேன், வரவில்லை. பின்னால் ஒருவர் வந்து மறுமுனையைப் பிடித்தார். நாற்பது வயதிருக்கும், காக்கி ஸ்வெட்டர், காதில் மப்ளர். மூன்று மணிக்குத் தலைகாட்ட வந்தவர். பழனி. போட்டோவில் பார்த்திருக்கிறேன், நேரில் இப்போதுதான்.

"நீங்க உடுங்க சார், நான் புடிச்சுக்கறேன். மாடுங்களா?"

அவர் உடைந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"செம அடி. நல்லவேளை எறங்காம வந்தீங்க சார். எறங்கியிருந்தா முடிஞ்சிருக்கும்."

உள்ளே கொண்டுவந்து சுவரில் சாய்த்தோம். ரைட்டரிடம் பெயர் சொன்னார். எஸ்.ஐ. வரும்வரை அவரும் இருக்க வேண்டுமாம். வெளியே போய் டீ வாங்கி வந்தார், இரண்டு. ஒன்றை என் பக்கம் பெஞ்சில் வைத்தார். நான் யார் என்று தெரிந்திருக்கிறது. "நீங்கதான பேப்பர்ல எழுதுறவரு? என் விசயத்துல அந்தக் காரைப் பத்தி ஒரு வரி போட்டிருக்கலாமுங்க." கோபமாக அல்ல. அவ்வளவு சொல்லிவிட்டு டீயை ஊதினார்.

பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி 3.25. வெளியே பனி இறங்கிவிட்டது, கேட் பாதிதான் தெரிகிறது.

என்னிடம் உள்ளவை: பம்பர், தேய்க்காதது. சென்சார் நான்கு. படங்குத் துண்டு ஒன்று, கவரில். இந்த நோட்டு, 6ஆம் தேதிப் பக்கத்தோடு.

நிலுவை: ஜெயமணியின் வாக்குமூலம், திங்கள். பழனி கோர்ட், திங்கள். தங்கராசுவிடம் சொல்வது, இன்று, ஸ்டேஷனிலிருந்து வெளியே விட்டால் நேரில், விடாவிட்டால் போனில். எஸ்.ஐ. இங்கு வருவது நான்கு மணி (ரைட்டர்).

பழனியிடம் சொல்வது, அதற்கு முன்.